ராக்கெட்டுக்கு நேர்வழி, நம் பிள்ளைகளுக்குச் சுற்றுவழியா?

திருச்செந்தூர் வட்டாரத்தில் ஒரு கிராமத்தின் மாலைநேரப் படிப்பு மையத்துக்கு வாரம் ஒருநாள் போய் வருகிறேன். தமிழ் இலக்கணம் சொல்லிக் கொடுப்பதுதான் என் வேலை. ஆனால் பாடம் முடிந்த பிறகு பிள்ளைகள் கேட்கும் கேள்விகள் இலக்கணத்தோடு நிற்பதில்லை. சென்ற வாரம், ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படிக்கும் மாணவர் ஒருவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "அண்ணே, ராக்கெட் விடுற இடத்துல நம்மள எடுப்பாங்களா?"

"எடுப்பார்கள், நன்றாகப் படி" என்று சொல்லிவிட்டு நான் பேருந்து ஏறியிருக்கலாம். அந்தப் பதில் அரைப் பொய். முழுப் பதிலைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

தூத்துக்குடி மாவட்டத்தைப் போல இரண்டு பெரிய தொழில்நுட்பங்களை ஒரே நேரத்தில் பார்க்கும் மாவட்டம் நாட்டில் அதிகம் இல்லை. சில்லாநத்தம் சிப்காட்டில் வியட்நாமின் வின்ஃபாஸ்ட் நிறுவனத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. 2025 ஆகஸ்ட் 4 அன்று முதல்வர் ஆலையைத் திறந்து வைத்தார். தொடக்கத்தில் ஆண்டுக்கு 50,000 மின்சாரக் கார்கள், பிறகு 1,50,000 வரை என்பது திட்டம். தெற்கே குலசேகரன்பட்டினத்தில், இரண்டாயிரம் ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்தில், நாட்டின் இரண்டாவது ராக்கெட் ஏவுதளம் எழும்புகிறது. 2024 பிப்ரவரி 28 அன்று பிரதமர் அதற்கு அடிக்கல் நாட்டினார். எஸ்.எஸ்.எல்.வி. எனும் சிறிய ராக்கெட்டுகள் அங்கிருந்து புறப்படும்.

ஏன் குலசேகரன்பட்டினம்? பூமியின் துருவங்களுக்கு மேலாகச் சுற்றும் செயற்கைக்கோள்களை ஏவ, ராக்கெட் தெற்கு நோக்கிப் போக வேண்டும். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நேராகத் தெற்கே போனால் வழியில் இலங்கை. அதனால் முதலில் தென்கிழக்காகப் போய், பிறகு வளைந்து திரும்ப வேண்டியிருக்கிறது. அந்த வளைவுக்கே எரிபொருள் தீர்கிறது. பெரிய ராக்கெட் அதைத் தாங்கும். 500 கிலோ சுமக்கும் சிறிய ராக்கெட்டுக்கு அந்தச் சுற்றுவழி பெரும் இழப்பு. குலசேகரன்பட்டினத்திலிருந்து கிளம்பினால் எதிரே திறந்த கடல். நேர்வழி.

ராக்கெட்டின் சுற்றுவழியை நீக்க ஓர் அரசாங்கம் நிலம் எடுத்து, ஏறத்தாழ ஆயிரம் கோடி ரூபாய் செலவழித்து, ஏவுதளமே கட்டுகிறது. சரியான முடிவுதான். என் கேள்வி இது: அதே நிலத்தில் பிறந்த தலித் பிள்ளை அந்த வேலைக்குப் போகும் வழியில் எத்தனை வளைவுகள் இருக்கின்றன? அவற்றை நீக்க யார் திட்டம் போடுகிறார்கள்?

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "சோற்றுக்கே வழியில்லை, ராக்கெட் எதற்கு?" என்ற பேச்சு நம்முடையது அல்ல. புயல் வருவதை மீனவருக்கு முன்கூட்டிச் சொல்ல உதவுவது செயற்கைக்கோள். டீசல் புகையை அதிகம் சுவாசிப்பவர் சாலையோரத்தில் குடியிருப்பவர். மின்சார வாகனம் வந்தால் முதல் ஆதாயம் அவருடைய நுரையீரலுக்கு. இயந்திரத்தை வெறுக்கும் வாதத்தை அம்பேத்கர் ஏற்கவில்லை. உடல் உழைப்பின் பாரத்திலிருந்து மனிதனை விடுவித்து, அவனுக்கு ஓய்வையும் பண்பாட்டையும் தரக்கூடியது இயந்திரம் என்று வாதிட்டவர் அவர். 1942 முதல் 1946 வரை வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறைப் பொறுப்பில் இருந்தபோது மின்சாரம், அணைகள், தொழிற்பயிற்சி என்று திட்டமிட்டவரும் அவரே. இயந்திரம் வரட்டும். அதன் பயன் யாருக்குப் போய்ச் சேருகிறது என்று கேட்பதுதான் அவர் வழி.

இந்த மாவட்டத்தில் நம் முந்தைய தலைமுறை எப்படி நிமிர்ந்தது என்று நினைத்துப் பாருங்கள். 1970களில் துறைமுகம் பெருந்துறைமுகமானது, கனநீர் ஆலை வந்தது, அனல்மின் நிலையம் வந்தது. இவை அரசு நிறுவனங்கள். இட ஒதுக்கீடு இருந்தது. நம் தெருக்களில் முதல் காரை வீடு, முதல் பட்டதாரி, முதல் ஓய்வூதியம் என்று தேடிப் பார்த்தால், பெரும்பாலும் அது ஓர் அரசு வேலையில் போய் முடியும். ஒருவர் உள்ளே போனார். அவர் வீட்டுப் பிள்ளைகள் கல்லூரிக்குப் போனார்கள்.

இன்று வரும் தொழிற்சாலைகள் பெரும்பாலும் தனியார். மின்சாரக் கார் தனியார். விண்வெளித் துறையும் 2020 முதல் தனியாருக்குத் திறக்கப்பட்டுவிட்டது. எஸ்.எஸ்.எல்.வி. ராக்கெட்டைத் தயாரிக்கும் தொழில்நுட்பத்தை 2025-ல் 511 கோடி ரூபாய்க்கு ஏலத்தில் வென்ற எச்.ஏ.எல். பொதுத்துறை நிறுவனம். அந்த மட்டில் நல்லது. ஆனால் பொதுத்துறையிலும் நிரந்தரப் பணிகள் குறைந்து ஒப்பந்தப் பணிகள் பெருகும் காலம் இது. இட ஒதுக்கீட்டை யாரும் ரத்து செய்யவில்லை. அது இல்லாத இடங்களுக்கு வேலைதான் இடம் மாறிவிட்டது.

"தனியாரில் திறமை பார்த்துத்தானே எடுக்கிறார்கள், சாதி எங்கே வந்தது?" என்று கேட்பார்கள். சுகதேவ் தோரட், பால் அட்வெல் என்ற இரு ஆய்வாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். செய்தித்தாளில் வந்த தனியார் வேலை விளம்பரங்களுக்கு, ஒரே தகுதி கொண்ட விண்ணப்பங்களைப் பெயரை மட்டும் மாற்றி அனுப்பினார்கள். 2007-ல் வெளியான அந்த ஆய்வின்படி, உயர்சாதிப் பெயருக்கு அடுத்த கட்ட அழைப்பு வரும் வாய்ப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான் தலித் பெயருக்கு இருந்தது. நேர்காணலுக்கு முன்பே, முகம் பார்க்கும் முன்பே, சல்லடை வேலை செய்துவிட்டது.

தமிழ்நாட்டில் பெயருக்குப் பின்னால் சாதி போடுவதில்லை என்று நாம் பெருமைப்படலாம். இங்கே அந்த வேலையை முகவரி செய்கிறது. தெருப் பெயரும் 'காலனி' என்ற சொல்லும் போதும். அரசு ஆவணங்களிலிருந்து அந்தச் சொல்லை நீக்குவதாக முதல்வர் 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்க வேண்டியது. ஆனால் ஒப்பந்ததாரரின் மேற்பார்வையாளர் "நம்ம பையன் யாராவது இருந்தா சொல்லுங்க" என்று ஊருக்குள் சொல்லி அனுப்பும்போது, அந்த 'நம்ம' எந்தத் தெருவோடு நின்றுவிடுகிறது என்று நமக்குத் தெரியும். "உள்ளூர் மக்களுக்கே வேலை" என்ற கோரிக்கை நியாயமானது. உள்ளூர் என்றால் ஊர் மட்டுமா, சேரியும் சேர்ந்ததா என்பதையும் அந்தக் கோரிக்கையிலேயே எழுதி வைக்க வேண்டும்.

இனி அந்த மாணவருக்கான பதில். வழி முழுக்க அடைபட்டிருக்கவில்லை. நம்மில் பலருக்குத் தெரியாத மூன்று கதவுகள் இருக்கின்றன.

முதல் கதவு, தொழிற்பழகுநர் பயிற்சி. நாம் அப்ரண்டிஸ் என்று சொல்வது. தனியாரில் இட ஒதுக்கீடே கிடையாது என்று சொல்லிச் சொல்லி நாமே நம்பிவிட்டோம். 1961-ஆம் ஆண்டுத் தொழிற்பழகுநர் சட்டத்தின் 3ஏ பிரிவைப் படித்துப் பாருங்கள். குறிப்பிட்ட தொழிற்பிரிவுகளில் பயிற்சி இடங்களைப் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் வேலை கொடுப்பவர் ஒதுக்க வேண்டும் என்கிறது அது. அரசு நிறுவனம், தனியார் நிறுவனம் என்று அங்கே பிரிக்கப்படவில்லை. 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம், ஒப்பந்தத் தொழிலாளரையும் சேர்த்த மொத்த எண்ணிக்கையில் 2.5 முதல் 15 சதவீதம் வரை பழகுநர்களை எடுத்தாக வேண்டும். 3,000 பேர் வேலை செய்யும் ஓர் ஆலை என்றால் குறைந்தது 75 பேர், அதிகபட்சம் 450 பேர். அதில் நம் பங்கு எத்தனை? இந்தக் கேள்வியை மாவட்டத்தில் எத்தனை பேர் இதுவரை கேட்டிருக்கிறோம்?

பயிற்சி முடித்தவரை வேலைக்கு எடுத்தே தீர வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. அது ஒரு குறை. ஆனால் பயிற்சி முடித்தவர்களை வேலைக்கு எடுப்பது பற்றி ஒவ்வொரு நிறுவனமும் ஒரு கொள்கை வகுக்க வேண்டும் என்கிறது 2014-ஆம் ஆண்டுத் திருத்தம். அந்தக் கொள்கையைக் காட்டுங்கள் என்று கேட்கலாம். தனியார் நிறுவனத்தைத் தகவல் உரிமைச் சட்டத்தில் நேரடியாகக் கேட்க முடியாது. ஆனால் பழகுநர் விவரங்கள் அரசின் கையில் இருக்கின்றன. அரசிடம் இருக்கும் தகவலைக் கேட்கலாம். மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்திலிருந்து தொடங்கலாம்.

இரண்டாவது கதவு, அரசு வேலையில் மிச்சமிருக்கும் இடம். விஞ்ஞானிகள் மட்டும் இருக்கும் இடம் இஸ்ரோ என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். பக்கத்து மாவட்டத்தின் மகேந்திரகிரி மையம் உட்பட இஸ்ரோவின் மையங்கள், பத்தாம் வகுப்பும் ஐ.டி.ஐ.யும் முடித்தவர்களை டெக்னீஷியன் பணிக்கு எடுக்கின்றன. ஃபிட்டர், எலக்ட்ரீசியன், வெல்டர் எல்லோருக்கும் அங்கே வேலை உண்டு. அறிவிப்பிலேயே இட ஒதுக்கீட்டு எண்ணிக்கையும் அச்சாகியிருக்கும். இன்னொன்று: மத்திய அரசுத் துறைகளில் 45 நாட்களோ அதற்கு மேலோ நீடிக்கும் தற்காலிக நியமனங்களிலும் இட ஒதுக்கீடு உண்டு என்று ஒன்றிய அரசே 2023-ல் உச்ச நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறது. "இது டெம்ப்ரவரிதான், ரிசர்வேஷன் கிடையாது" என்று யாராவது சொன்னால், அதை எழுத்தில் கேளுங்கள்.

மூன்றாவது கதவு, விற்பவராகப் போவது. இது வேலை தேடுவோரின் கண்ணில் படுவதே இல்லை. ஒன்றிய அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் வாங்கும் பொருட்கள், சேவைகளில் 25 சதவீதத்தைக் குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும். மொத்தக் கொள்முதலில் 4 சதவீதம் பட்டியல் சாதி, பழங்குடியினர் நடத்தும் நிறுவனங்களிடமிருந்து வர வேண்டும் என்பது 2012-ஆம் ஆண்டின் கொள்முதல் ஆணை. நூறு கோடிக்கு வாங்கினால் நான்கு கோடி. ஆனால் நம்மவர்கள் யாரும் டெண்டர் போடவில்லை என்றால் அந்த நான்கு கோடியை மற்ற சிறு நிறுவனங்களுக்குக் கொடுத்துவிடலாம் என்றும் அந்த ஆணையே சொல்கிறது. யாரும் கேட்காத பங்கு கைமாறிப் போய்விடும். லேத் பட்டறையோ, கேட்டரிங்கோ, வாகன வாடகையோ தொடங்க நினைக்கும் பட்டியல் சாதி, பழங்குடி இளைஞருக்குத் தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் இருக்கிறது. முதலீட்டில் 35 சதவீத மானியம், உச்சவரம்பு ஒன்றரைக் கோடி, வட்டியில் 6 சதவீதச் சலுகை. ஏவுதளத்துக்கும் இந்தத் திட்டத்துக்கும் நடுவே ஒரு பாலம் போட்டால் போதும். அதைப் போட வேண்டியவர்கள் மாவட்டத் தொழில் மையத்தினர்.

இவற்றோடு ஓர் எச்சரிக்கையும் உண்டு. நம் இளைஞர்கள் பலர் இருசக்கர வாகன மெக்கானிக்குகள். மின்சார வண்டியில் கார்புரேட்டர் கிடையாது, இன்ஜின் ஆயில் மாற்றும் வேலை கிடையாது. பேட்டரியும் மோட்டாரும் மின்னணுக் கட்டுப்பாடும்தான். கையில் இருக்கும் தொழில் பத்து ஆண்டுகளில் பாதியாகலாம். மாநிலத்தில் 71 அரசு ஐ.டி.ஐ.க்களைப் புதிய இயந்திரங்களோடு மேம்படுத்தியிருக்கிறார்கள். அங்கே சேர்க்கைக்குப் போகும்போதே மின்சார வாகனப் பிரிவு இருக்கிறதா என்று விசாரியுங்கள். ஏற்கெனவே பட்டறை நடத்தும் அண்ணன்மாருக்கு மாலைநேரக் குறுகியகாலப் பயிற்சி வேண்டும் என்று அரசிடம் கோருங்கள்.

கதவு இருப்பது ஒன்று, அது திறப்பது வேறு. அதனால் அரசிடம் நம் கோரிக்கை எளிமையானது. நிலம், மானியம், மின் சலுகை என்று பொதுப்பணம் பெறும் ஒவ்வோர் ஆலையும், தன் பணியாளர்களிலும் பழகுநர்களிலும் பட்டியல் சாதியினர் எத்தனை பேர் என்ற எண்ணிக்கையை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். பெயர் வேண்டாம், எண்ணிக்கை போதும். தொழிலமைப்புகள் 2006-லேயே இதற்குத் தாமாக முன்வந்து நடத்தை விதிகள் வகுத்துக்கொண்டன. தாமாகச் செய்வது எவ்வளவு தூரம் போனது என்று இத்தனை ஆண்டுகளில் பார்த்துவிட்டோம். தமிழ்நாட்டு மக்களில் ஐந்தில் ஒருவர் பட்டியல் சாதியினர் என்கிறது 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு. ஆலைகளின் எண்ணிக்கை வெளியே வந்தால், அந்த ஐந்தில் ஒருவர் உள்ளே இருக்கிறாரா, கேட்டுக்கு வெளியே புல் வெட்டிக்கொண்டிருக்கிறாரா என்பது தெரிந்துவிடும். கிராம சபையில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவரலாம். அதற்குக் காசு செலவில்லை. எழுந்து நின்று பேச ஓர் ஆள்தான் வேண்டும்.

அந்த ஃபிட்டர் மாணவரிடம் கடைசியில் இதைச் சொன்னேன்: "எடுப்பாங்களான்னு கேக்காத தம்பி. நம்ம இடம் எத்தனை, எங்கே எழுதியிருக்குன்னு கேளு." அவர் சிரித்தார். பிறகு, "அந்தச் சட்டம் இங்கிலீஷ்ல இருக்குமேண்ணே" என்றார்.

இருக்கும். அதனால் அடுத்த வாரம் இலக்கணப் பாடம் இல்லை. 3ஏ பிரிவை அச்செடுத்துக்கொண்டு போகிறேன். அகராதியை வைத்துக்கொண்டு, வரி வரியாக, எல்லோரும் சேர்ந்து தமிழில் படிக்கப் போகிறோம்.