சின்ன மந்திரம், பெரிய மூளை

இன்று கொஞ்சம் நீளமான பதிவு. சாவகாசமாகப் படியுங்கள்.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற விளையாட்டை உங்களில் சிலர் ஆடியிருப்பீர்கள், அல்லது உங்கள் பிள்ளைகள் ஆடுவதைப் பார்த்திருப்பீர்கள். 1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இருவர் உருவாக்கியது. நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொண்டு, பேசிப் பேசியே ஒரு கதையை நடத்துவார்கள். சந்தேகமான இடத்தில் பகடை முடிவு சொல்லும். டன்ஜன் மாஸ்டர் என்று ஒருவர் உண்டு. கதை சொல்வதும் அவர்தான், நடுவரும் அவர்தான்.

பேரனின் விதிப்புத்தகத்தை ஒரு கணக்கு வாத்தியாரின் கண்ணோடு முழுக்கப் படித்துப் பார்த்தேன். என் கட்சி இதுதான்: இந்த ஆட்டத்தில் பிள்ளைகளின் மூளைக்குச் சாணை பிடிப்பவை சின்ன மந்திரங்கள். பெரிய மந்திரங்களுக்கு அந்த வேலை தெரியாது.

ஃபயர்பால் என்று ஒன்று இருக்கிறது. நெருப்பு உருண்டை. 20 அடி ஆரத்துக்குள் இருப்பவர்கள் மீது எட்டு பகடை அளவுக்குச் சேதம், சராசரியாக 28 புள்ளி. ஐந்தாம் நிலைக்கு வந்த மந்திரவாதிக்குத்தான் அது கிடைக்கும், அதுவும் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறைக்கு மேல் போட முடியாது. போட்டால் எதிரி எரிவான். அதில் யோசிக்க அதிகம் இல்லை.

கேன்ட்ரிப் என்ற சின்ன மந்திரங்கள் வேறு ரகம். முதல் நிலையிலேயே கிடைக்கும், எத்தனை முறை வேண்டுமானாலும் போடலாம். மேஜ் ஹேண்ட் அதில் ஒன்று. அந்தரத்தில் ஒரு கை தோன்றும். 30 அடிக்கு மேல் போகாது, 10 பவுண்டுக்கு மேல் தூக்காது, யாரையும் தாக்காது, ஒரு நிமிடத்தில் மறைந்துவிடும். கேட்டால் ‘இவ்வளவுதானா’ என்று தோன்றும்.

இப்போது ஒரு கணக்கு. 20 அடி அகலப் பள்ளம். எதிர்க்கரை ஓரத்தில் ஒரு கல் தூண். உங்களிடம் 50 அடி சணல் கயிறு இருக்கிறது. 2014 பதிப்பின்படி அதன் எடை 10 பவுண்டு. கை அதைத் தூக்கிவிடும். ஆனால் அந்தக் கைக்கு முடிச்சுப் போடத் தெரியுமா என்று நடுவர் இழுப்பார். முடிச்சே வேண்டாமே! கயிற்றின் ஒரு முனையை அந்தக் கையிடம் கொடுத்து, தூணைச் சுற்றி வரச்சொல்லி, திரும்ப நம்மிடமே கொண்டுவரச் சொல்லுங்கள். போக 20, வர 20, ஆக 40 அடி. தூணின் சுற்றளவு போக மிச்சக் கயிற்றில் இரண்டு முனைகளையும் இந்தப் பக்கமே கட்டிவிடலாம். பாலம் தயார்.

மெண்டிங் என்ற மந்திரம் ஓரடிக்குள் இருக்கும் உடைசலைத் தடம் தெரியாமல் ஒட்டும். செருப்பு தைக்கலாம். எதிரியின் கடிதத்தில் உள்ள அரக்கு முத்திரையை உடைத்து, படித்துவிட்டு, உடைந்ததே தெரியாமல் ஒட்டியும் வைக்கலாம். பிரெஸ்டிடிஜிடேஷன் ஒரு கன அடி அளவுக்குள் ஒரு பொருளைச் சுத்தம் செய்யும், ஆறின சாப்பாட்டைச் சூடாக்கும், ருசி சேர்க்கும். சிறையில் அடைபட்டவனுக்கு உப்பில்லாத கூழை ருசியாக்கிக் கொடுத்தால் அவன் வாய் திறப்பான். அங்கே ஃபயர்பாலால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

என் பழைய மாணவி ஒருத்தி சமீபத்தில் எழுதியிருந்தாள். மகனுக்குப் பதின்மூன்று வயது. நண்பர்களோடு இந்த ஆட்டம் ஆடுகிறான். அவன் என்ன யோசனை சொன்னாலும், நடத்துகிற பையன் ‘புத்தகத்தில் இல்லை’ என்று தள்ளிவிடுகிறானாம். இவன் அழுதுகொண்டு வந்து, இனி போக மாட்டேன் என்கிறான். “எனக்கும் இது வெட்டி வேலையாகத்தான் தெரிகிறது சார், நிறுத்திவிடட்டுமா?” என்று கேட்டாள்.

நிறுத்தாதே அம்மா என்பதுதான் என் பதில். ஆனால் இரண்டு பையன்களுக்கும் ஆளுக்கொரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கிறது.

நடத்துகிற தம்பிக்கு: மேலே சொன்ன கயிற்றுப் பாலம் எந்தப் புத்தகத்திலும் அச்சாகவில்லை. ஆனால் அதில் ஒவ்வொரு படியும் விதிக்குள் நிற்கிறது. விடைக்குறிப்பில் இல்லை என்பதற்காகச் சரியான வழிமுறைக்கு முட்டை போடும் ஆசிரியரை நீங்கள் எல்லோரும் ஒரு காலத்தில் பார்த்திருப்பீர்கள். அப்படி முட்டை வாங்கிய பிள்ளை அடுத்த தடவை யோசிக்காது, மனப்பாடம்தான் செய்யும். மேசையிலும் அதே கதிதான். அவன் அடுத்து ‘நான் வாளால் வெட்டுகிறேன்’ என்று மட்டும் சொல்லிக்கொண்டிருப்பான்.

யோசனை சொல்லும் தம்பிக்கு: கற்பனைக்கு எல்லையே இல்லை என்று கத்தாதே. ‘எதிரியின் நுரையீரலுக்குள் தண்ணீர் வரவழைக்கிறேன்’ என்பது இந்த விளையாட்டில் ரொம்ப நாளாக ஓடும் தந்திரம். அந்த மந்திரம் என்ன சொல்கிறது? திறந்த பாத்திரத்தில் தண்ணீர் வரும், இல்லையென்றால் மழையாகப் பெய்யும். நுரையீரல் திறந்த பாத்திரமா? அது கற்பனையே இல்லை, வாசிக்காமல் விட்டது. இன்னொன்றும் யோசி. ஒரு சொட்டுத் தண்ணீரால் யாரையும் கொல்லலாம் என்றால், ஐந்தாம் நிலை வரை பாடுபட்டு ஃபயர்பால் வாங்கிய உன் நண்பன் எதற்காக அங்கே உட்கார்ந்திருக்க வேண்டும்? உன் கெட்டிக்காரத்தனம் அவன் பங்கைப் பிடுங்கக் கூடாது.

ஆகவே என் அளவுகோல் மூன்று கேள்விகள். மந்திரத்தின் வார்த்தைகள் இதற்கு இடம் கொடுக்கின்றனவா? எடை, தூரம், நேரம் எல்லாம் கணக்கில் சரிவருகின்றனவா? மேசையில் இருக்கும் மற்றவர்களுக்கும் வேலை மிஞ்சுகிறதா? மூன்றுக்கும் ஆம் என்றால் நடுவர் வாய் நிறையச் ‘சரி’ சொல்ல வேண்டும். இரண்டுங்கெட்டான் நிலை என்றால் பகடையை உருட்டட்டும். அதற்குத்தானே பகடை?

‘கட்டுப்பாடு வைத்தால் படைப்பாற்றல் செத்துவிடும்’ என்று சிலர் சொல்வார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வடிவியலில் பட்டைக்கோலும் காம்பஸும் மட்டும்தான் என்று விதி. அளவு குறிக்காத கோல், ஒரு வட்டம், அவ்வளவுதான். அந்த இரண்டை வைத்தே ஒழுங்கான பதினேழு பக்கப் பலகோணம் வரையலாம் என்று 1796-இல் காஸ் நிறுவியபோது அவருக்குப் பதினெட்டு வயது. கையில் பாகைமானி கொடுத்திருந்தால் அந்தக் கேள்வியே பிறந்திருக்காது.

நம் வாழ்க்கையிலும் பெரும்பாலோருக்கு ஃபயர்பால் கிடைப்பதில்லை. பெரிய பதவி, பெரிய பணம், பெரிய சிபாரிசு எல்லாம் சிலருக்குத்தான். மற்றவர்களுக்குப் பத்து பவுண்டு தூக்கும் ஒரு கை இருக்கிறது. அதை வைத்துப் பாலம் கட்ட ஒரு பிள்ளை விளையாட்டிலேயே பழகுகிறது என்றால், அதை வெட்டி வேலை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பெற்றோர்களே, ஒருநாள் பிள்ளைகளின் மேசைப் பக்கம் போய் அரைமணி நேரம் பேசாமல் உட்கார்ந்து பாருங்கள். பரீட்சையை மட்டும் அங்கே கொண்டுபோகாதீர்கள்.

இதை ஆடியவர்கள் யாராவது இருந்தால், சின்ன மந்திரத்தை வைத்து நீங்கள் செய்த உருப்படியான வேலை ஒன்றைக் கீழே எழுதுங்கள். எடையும் தூரமும் நான் சரிபார்ப்பேன், ஜாக்கிரதை!

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்