இரவில் சின்ன விமானம்: கண்ணை நம்பலாமா, கருவியை நம்பலாமா?

மதுக்கரை பைபாஸில் ராத்திரி நின்று பார்த்தால், ஒரு பக்கம் கோவை நகரின் விளக்குகள் ஜொலிக்கும். மறுபக்கம், வாளையாறு திசையில், காடும் மலையும் ஒரே இருட்டு. வானம் எங்கே முடிகிறது, மலை எங்கே தொடங்குகிறது என்றே தெரியாது. சாலையில் போகிறவருக்கு இது வெறும் காட்சி. சின்ன விமானம் ஓட்டுகிறவருக்கு இதுதான் ஆபத்து.

காது சொல்லும் பொய்

பகலில் தொடுவானத்தைப் பார்த்தே விமானம் நேராகப் போகிறதா, சாய்கிறதா என்று பைலட் தெரிந்துகொள்கிறார். நிலா இல்லாத இரவில் அந்தக் கோடு மறைந்துவிடும். அப்போது மூளை உட்காதை நம்பத் தொடங்கும். ஆனால் விமானம் மெல்ல மெல்லச் சாய்ந்தால் உட்காதுக்கு அது தெரியாது. 'நேராகத்தான் போறோம்' என்று பைலட் நினைத்துக்கொண்டிருக்க, விமானம் வட்டமடித்துக் கீழே இறங்கிக்கொண்டிருக்கும். இதைத்தான் 'ஸ்பேஷியல் டிஸ்ஓரியன்டேஷன்' என்கிறார்கள்.

1999 ஜூலை 16 இரவு, ஜான் எஃப். கென்னடி ஜூனியர் ஓட்டிய சின்ன விமானம் அமெரிக்காவின் மார்த்தாஸ் வின்யார்ட் தீவு அருகே கடலில் விழுந்தது. அவரும் மனைவியும் மனைவியின் சகோதரியும் இறந்தார்கள். காரணம் இதே தடுமாற்றம்தான் என்றது விசாரணை. விமானத்தில் கோளாறு எதுவும் கிடைக்கவில்லை. கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டுவதற்கான தகுதிச் சான்று அவரிடம் இல்லை.

அனுபவம் காப்பாற்றுமா?

எப்போதும் காப்பாற்றாது. 2021 டிசம்பர் 8 அன்று சூலூரிலிருந்து வெலிங்டனுக்குக் கிளம்பிய விமானப்படை ஹெலிகாப்டர் குன்னூர் அருகே விழுந்ததில், முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் உட்பட 14 பேர் இறந்தனர். வானிலை திடீரென மாறி, ஹெலிகாப்டர் மேகத்துக்குள் நுழைந்ததால் பைலட்டுக்குத் தடுமாற்றம் ஏற்பட்டது என்றது விமானப்படையின் முதற்கட்ட விசாரணை. அது பட்டப்பகல். பகலில் மேகம் செய்வதை இரவில் இருட்டே செய்துவிடும்.

விதி என்ன சொல்கிறது?

வெளியே கண்ணால் பார்த்து ஓட்டும் முறையில் இரவில் பறக்க இந்தியாவில் பொதுவாக அனுமதி இல்லை. உள்ளூர்ப் பறத்தலுக்கும் பயிற்சிக்கும் மட்டும் கட்டுப்பாட்டு அறை விலக்கு தரலாம். கமர்ஷியல் பைலட் உரிமத்துக்கு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதில் இரவுக்கு வேண்டியது 5 மணி நேரம். இது குறைந்தபட்சம்தான். இதுவே போதும் என்று அர்த்தமில்லை.

இரவில் பறப்பவர் செய்ய வேண்டியது

• கண் இருட்டுக்கு முழுதாகப் பழக சுமார் 30 நிமிடம் ஆகும். ஒருமுறை மொபைல் திரையைப் பார்த்தாலே அந்தப் பழக்கம் கலைந்துவிடும். காக்பிட் விளக்குகள் மங்கலாகவே இருக்கட்டும்.

• பாதையில் இருக்கும் மலைகளின் உயரத்தைக் கிளம்பும் முன்பே குறித்துக்கொண்டு, அதற்கு மேல் போதுமான இடைவெளி விட்டுப் பறக்க வேண்டும்.

• உடம்பு ஒன்று சொல்லி, கருவி வேறொன்று சொன்னால், கருவியைத்தான் நம்ப வேண்டும்.

வாடகை விமானத்தில் போகிறவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. 'காலையில் போகலாம்' என்று பைலட் சொன்னால், 'மீட்டிங் இருக்கு, கிளம்புங்க' என்று நெருக்கக் கூடாது. மீட்டிங்கைத் தள்ளி வைக்கலாம். மலையைத் தள்ளி வைக்க முடியாது.