ஓடு சொல்லும் சாட்சி

ஏரிக்கரையிலோ பாழுங்கிணற்றிலோ ஒரு மண்டையோடு அகப்பட்டால், "ஆணா, பெண்ணா?" என்பதே போலீஸார் கேட்கும் முதற் கேள்வி. விடை கிடைத்த மாத்திரத்தில் காணாமற்போனோர் ஜாபிதாவில் ஒரு பெரும் பகுதி தள்ளுபடியாகும். விடை பிசகினாலோ, தேட வேண்டிய பெயரே தள்ளுபடியாகிவிடும். மகளுக்காக வாசலைப் பார்த்திருக்கும் தாய் அப்படியே பார்த்திருக்க வேண்டியதுதான்.

புருவ நடுவின் மேடு, கண்குழியின் விளிம்பு, காதின் பின்புறத்து எலும்பு முனை, பிடரி மேடு, மோவாய் ஆகிய ஐந்தையும் பார்த்து நிபுணர் விடை கூறுவது வழக்கம். ஆடவருக்கு இவை பெரும்பாலும் தடித்திருக்கும். ஆனால் மெல்லிய எலும்புள்ள ஆடவரும் திண்ணிய எலும்புள்ள பெண்டிரும் எவ்வூரிலும் உண்டு.

இப்போது கணினிக்கும் இவ்வித்தையைக் கற்பிக்கிறார்கள். இலக்கணம் சொல்லித் தருவதில்லை. சி.டி. ஸ்கேன் படங்களை, இது ஆண், இது பெண் என்று விடையுடன் ஏராளமாகக் காட்டுகிறார்கள். அது ஊகிக்கும், பிசகினால் தன்னுள்ளிருக்கும் எண்களைச் சிறிது திருத்திக்கொண்டு மீண்டும் ஊகிக்கும். இதற்கு 'ஆழ்கற்றல்' என்று பெயர். 2024-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், இந்தோனேஷியரின் 200 ஸ்கேன்களை வைத்துச் சோதித்தபோது கணினி 100-க்கு 97 சரியாகச் சொல்லிற்று. நிபுணர் சொன்னது 82. அது மேற்சொன்ன குறிகளை விட்டு, ஓட்டின் மொத்த அளவையும் வடிவத்தையும் பார்த்தே தீர்மானித்ததாம்.

மெச்சத்தக்கதே. ஆனால் யாருடைய அளவு? நம் காஞ்சியில் அனுபவமுள்ள பட்டு வியாபாரி, சேலையைக் கையில் எடுத்ததுமே ஜரிகையின் தரத்தைச் சொல்லிவிடுவார். அது இவ்வூர்த் தறியில் பழகிய கண். பனாரஸ் சேலையை நீட்டினால் சற்றே தயங்குவார். கணினியோ தயங்கவும் அறியாது. பேருருவ மக்களின் ஓடுகளையே பார்த்துப் பயின்றிருந்தால், நம் சிற்றுருவ ஆடவரைப் பெண்டிர் என்று சொல்லிவிடக் கூடும்.

இத்துறை நமக்குப் புதிதன்று. 1849-லேயே சென்னை இராஜதானியில் இரசாயனப் பரிசோதனைச் சாலை ஏற்பட்டது. இன்றைய தமிழ்நாடு தடய அறிவியல் துறைக்கு மூலம் அதுவே. கீழடிக்கு அருகே கொந்தகையில் கிடைத்த இரண்டு ஆடவர் ஓடுகளின் ஸ்கேனைக் கொண்டு, 2025-ல் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தாரும் லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகத்தாரும் முகம் அமைத்துக் காட்டினர். சுமார் 2,500 ஆண்டுகளுக்கு முற்பட்டவருக்கு முகம் கிடைத்தது. நேற்று மாண்டு அநாதையாய்க் கிடப்பவருக்குப் பெயராவது கிடைக்க வேண்டாமா?

நம் ஆஸ்பத்திரிகளில் நாள்தோறும் தலை ஸ்கேன் எடுக்கிறார்கள். உரியவரின் சம்மதம் பெற்று, பெயரை நீக்கி, பாலும் வயதும் ஜில்லாவும் மட்டும் குறித்து அவற்றைத் திரட்டினால் நம் கணினிக்கு நல்ல பாடபுத்தகம் ஆகும். அப்போதும் அதன் சொல் துப்பு மாத்திரமே. மரபணுச் சோதனையும் நியாயஸ்தலமுமே முடிவு கூற வேண்டும். அந்நியர் அளவுகோலை இரவல் வாங்கி நம் மாண்டாரை அளப்பது சுதந்திர நாட்டுக்கு அழகன்று.