பழைய மடிக்கணினியை என்ன செய்வது?



விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு நிறுத்திக்கொண்டது. "என் மடிக்கணினி இன்னும் ஓடுகிறதே!" என்பீர்கள். பூட்டு பழுதான வீட்டிலும் விளக்கு எரியத்தான் செய்யும். சம்பளக் கணக்கும் வங்கி வேலையும் நடக்கும் கணினிக்குக் காவல் வேண்டாமா?

அதற்காக ஆயிரக்கணக்கில் வெள்ளியை எடுத்துக்கொண்டு கடைக்கு ஓட வேண்டாம். விண்டோஸ் 11-க்கு 4 ஜிபி நினைவகம், 64 ஜிபி சேமிப்பிடம், டிபிஎம் 2.0 பாதுகாப்பு வசதி, மைக்ரோசாப்ட் ஏற்றுக்கொண்ட செயலி ஆகியவை தேவை. ஆயினும் வேலை தடையின்றி நடக்க 8 ஜிபி நினைவகம் இருப்பது நல்லது. 'பிசி ஹெல்த் செக்' என்னும் மென்பொருள் உங்கள் கணினியைச் சோதித்துச் சொல்லிவிடும். தேறினால் விண்டோஸ் 10-இலிருந்து மாறுவதற்குக் கட்டணமில்லை.

தேறாவிட்டால் லினக்ஸ் மிண்ட் போன்ற இலவச இயங்குதளங்கள் உண்டு. ஆனால், உங்கள் வேலைக்கான மென்பொருள் அதில் ஓடுமா என்று முதலில் விசாரியுங்கள். ஓடாதென்றால் மட்டும் புதுக் கணினியைப் பற்றி யோசியுங்கள். கணினி முதலாளியுடையதானால் அவரைக் கேளாமல் எதையும் மாற்றாதீர்கள்.

எவ்வழியாயினும், கோப்புகளை வேறொரு வட்டில் நகலெடுத்த பிறகே கைவையுங்கள். கணினியை மறுபடி வாங்கலாம். பத்தாண்டுக் கணக்கை எந்தக் கடையில் வாங்குவது?