அழகுக்குத் தடையில்லை, சாட்சியத்துக்கு நேர்மை வேண்டும்

கண்டியிலிருந்து கம்பளை செல்லும் பாதையில், மகாவலி கங்கையை அண்டி அமைந்துள்ள கெலிஓயா இயற்கை எழிலுக்குக் குறைவில்லாத பிரதேசமாகும். இத்தகைய இடங்களில் எடுக்கப்படும் படங்கள் இன்று அப்படியே வெளிவருவது அரிது. மங்கிய வானத்தை நீக்கிச் செவ்வானத்தைப் பொருத்தவும், மின்கம்பிகளை அழிக்கவும், இல்லாத பறவைக் கூட்டத்தைச் சேர்க்கவும் கையடக்கத் தொலைபேசியே போதுமானதாகிவிட்டது. இதில் தவறென்ன என்ற கேள்வி எழுவது இயல்பே.

படங்களை இணைத்துக் காட்சி அமைப்பது புதிய விடயமல்ல. 19 ஆம் நூற்றாண்டிலேயே பிரான்ஸின் குஸ்தாவ் லெ கிரே, கடலுக்கு ஒன்றும் வானத்துக்கு ஒன்றுமாக இரு நெகடிவ்களைச் சேர்த்துப் படங்களை உருவாக்கினார். எமது நாட்டின் லயனல் வென்ட் (1900 - 1944), பல படங்களை ஒன்றிணைக்கும் முறையை இருட்டறையிலேயே கையாண்டவர். அவை கலைப் படைப்புகள். கலைஞனின் கற்பனைக்கு வேலி போடுவது எவரது நோக்கமாகவும் இருக்க முடியாது.

ஆனால், கலையாகப் பார்க்கப்படும் படம் வேறு; சாட்சியமாக நம்பப்படும் படம் வேறு. 1982 ஆம் ஆண்டு நெஷனல் ஜியோகிரபிக் சஞ்சிகை, தனது அட்டையின் உயரத்துக்குப் பொருந்த வேண்டுமென்பதற்காக எகிப்தின் பிரமிட்டுகளைக் கணினி மூலம் நெருக்கமாக நகர்த்தி வைத்தமை பெரும் கண்டனத்துக்குள்ளானது. போட்டோஷொப் மென்பொருள் விற்பனைக்கு வந்தது 1990 இல் என்பதை இங்கு நினைவிற் கொள்ளல் வேண்டும்.

இதனிலும் பாரதூரமானது சீனாவில் நிகழ்ந்ததாகும். சிங்ஹாய் - திபெத் ரயில் பாதை 2006 இல் திறக்கப்பட்டது. அப்பாதை வனவிலங்குகளைப் பாதிக்கும் என்ற அச்சம் நிலவிய வேளையில், பாலத்தின் மேல் ரயில் விரைய, அருகே திபெத்திய மான்கள் அச்சமின்றி ஓடும் படமொன்று வெளியாகிப் பரிசும் பெற்றது. இரு வேறு படங்களை இணைத்தே அது உருவாக்கப்பட்டதென்பது 2008 இல் அம்பலமானது. படத்தின் அடியில் தென்பட்ட ஒட்டுக்கோடு அதனைக் காட்டிக்கொடுத்தது. எடுத்தவர் பதவி விலகினார்; அதனை வெளியிட்ட சின்ஹுவா செய்தி நிறுவனம் மன்னிப்புக் கோரியது. இங்கு பொய்யானது ஓர் அழகிய காட்சி மட்டுமல்ல; ஒரு சுற்றாடல் கேள்விக்கான விடையே பொய்யானது.

இது மலையகத்துக்கும் பொருந்தும். 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா சூறாவளி 600 இற்கும் மேற்பட்ட உயிர்களைக் காவுகொண்டது. மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் கண்டியும் ஒன்று. அந்த அவல வேளையிலும் செயற்கை நுண்ணறிவினால் உருவாக்கப்பட்ட போலிக் காட்சிகள் சமூக ஊடகங்களில் உலவின. வெடித்த மலைச்சரிவையும் அரிக்கப்பட்ட ஆற்றங்கரையையும் அதிகாரிகளுக்கு எடுத்துக்காட்டச் சாதாரண மக்களிடம் இருக்கும் வலுவான ஆதாரம் புகைப்படமே. போலிகள் பெருகினால் உண்மைப் படமும் சந்தேகத்துடனேயே நோக்கப்படும். அதன் விலையைச் செலுத்தப் போவது சரிவின் அடிவாரத்தில் வாழும் குடும்பங்களேயாகும்.

இதற்கான வரையறை கடினமானதல்ல. இலண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்தும் வனவிலங்குப் புகைப்படப் போட்டியில், ஓரங்களை வெட்டுவதற்கும் ஒளி, நிறத்தை அளவோடு சீர்செய்வதற்கும் அனுமதியுண்டு. இல்லாததைச் சேர்ப்பதற்கும் இருந்ததை அகற்றுவதற்கும் இல்லை. இறுதிச் சுற்றுக்குத் தெரிவாவோர் கெமராவில் பதிவான மூலக் கோப்பைச் சமர்ப்பிக்க வேண்டும்.

எமது பாடசாலைப் புகைப்படக் கழகங்களும் போட்டி ஏற்பாட்டாளர்களும் ஊடகங்களும் இதே ஒழுங்கைப் பின்பற்றலாம். இணைத்து அமைத்த படமாயின் அதன் கீழ் அவ்வாறே குறிப்பிடுவதும், மூலப் படத்தை அழிக்காது பேணுவதும் செலவில்லாத காரியங்கள். மென்பொருளைக் கற்கும் இளைஞர்களுக்கு இந்தப் பொறுப்பும் சேர்த்தே கற்பிக்கப்பட வேண்டும் என்பதே எமது எதிர்பார்ப்பாகும்.