மண்வெட்டி கொடுக்கும் கிளப்பில் சேருங்கள்

கலிஃபோர்னியாவில் வாத்து வேட்டை கிளப்பில் சேர ஆசைப்படும் நம்மூர்ப் பிள்ளைகள் அவ்வப்போது என்னிடம் வழி கேட்கிறார்கள். "அக்கா, எந்த கிளப்ல நிறைய வாத்து விழும்?" என்பதுதான் முதல் கேள்வி. அதை விட்டுவிட்டு, கோடையில் அந்த கிளப்காரர்கள் என்ன வேலை பார்க்கிறார்கள் என்று விசாரியுங்கள் என்பேன்.

நான் வேடந்தாங்கலுக்குப் பக்கத்து ஊர்க்காரி. பறவை எச்சம் கரைந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பது எங்கள் பக்கத்தில் குழந்தைக்கும் தெரியும். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் அங்கே பறவைகளைச் சுட்டபோது ஊரார் முறையிட்டு, 1790-களின் இறுதியில் செங்கல்பட்டு கலெக்டர் லயோனல் பிளேஸிடம் பாதுகாப்பு உத்தரவு வாங்கினார்கள். அந்த மண்ணில் பிறந்தவள் துப்பாக்கி தூக்கலாமா என்று அம்மா கேட்டதில் நியாயம் உண்டு. இந்தியாவில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டமும் பிற்பாடு வந்த திருத்தங்களும் வேட்டையைத் தடுத்திருப்பது சரியே. அது அப்படியே இருக்கட்டும். நான் குடியிருக்கும் ஃபேர்ஃபீல்டை ஒட்டிய சுசூன் சதுப்பு நிலத்தின் கதை வேறு.

விரிகுடாவும் கால்வாய்களும் சேர்த்து ஏறக்குறைய 1,16,000 ஏக்கர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கரை போட்டு விவசாயம் பார்த்தார்கள். உப்பு ஏறி நிலம் கைவிட்டது. அந்த நிலங்களை வாங்கித் தண்ணீர் தேக்கியவர்கள் வாத்து வேட்டைக்காரர்கள். இன்று சுமார் 150 கிளப்புகள் அங்கே இருக்கின்றன. 1977-இல் மாநில அரசு தனிச் சட்டம் போட்டு சதுப்பைக் காப்பாற்றியது. கலிஃபோர்னியா தன் ஈரநிலங்களில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் இழந்துவிட்டது. கிளப்புகள் இல்லாமல் போயிருந்தால் சுசூனின் பெரும்பகுதியும் எப்போதோ வீட்டுமனை ஆகியிருக்கும் என்றே நம்புகிறேன்.

அந்தத் தண்ணீர் தானாக நிற்பதில்லை. நம் கிராமங்களில் குடிமராமத்து என்று இருந்ததே, அதுதான் இங்கேயும். ஏரிப் பாசனம் வேண்டுமென்றால் வீட்டுக்கு ஓர் ஆள் கரை வேலைக்கு வர வேண்டும். இங்கே ஜனவரி இறுதியில் சீசன் முடிந்ததும் வேலை ஆரம்பம். மதகைத் திறந்து, கடல் ஓதம் இறங்கும்போது உப்புத் தண்ணீரை வடியவிட்டு, ஓதம் ஏறும்போது புதுத் தண்ணீரை உள்ளே விட்டு, மறுபடி வடித்து, மண்ணைக் கழுவுகிறார்கள். இப்படிக் கழுவிய மண்ணில்தான் வாத்துக்குப் பிடித்த கோரை விளையும். கோடையில் கரை உடைப்பை அடைப்பது, வந்தேறி நாணலை வெட்டுவது, வாய்க்கால் தூர் எடுப்பது எல்லாம் நடக்கும். அக்டோபர் வாக்கில் மறுபடியும் தண்ணீர் கட்டுவார்கள்.

எங்கள் கிளப்பில் சேரும் முன் என்னை முதலில் மே மாத வேலை நாளுக்குத்தான் வரச் சொன்னார்கள். ஓய்வுபெற்ற வெல்டர் ஒருவர் மதகுப் பலகையை வரிப்பள்ளத்திலிருந்து ஒவ்வொன்றாக உருவினார். பாசி பிடித்த பலகை வழுக்கியது. இரண்டு பேர் பிடித்தால்தான் மேலே வரும். தண்ணீரின் உப்பை ஒரு கருவியில் அளந்து, சட்டைப்பையில் இருந்த நோட்டில் தேதி போட்டு எழுதிக்கொண்டார். பல வருடக் கணக்கு அந்த நோட்டுகளில் இருக்கிறது. கிளப்பின் சொத்து எது என்று கேட்டால் நான் அதைத்தான் காட்டுவேன்.

அதற்கு முன் வேறொரு கிளப்பில் விசாரித்தேன். நிலத்தைக் காட்டாமலே முன்பணம் கேட்டார்கள். கூடத்தில் மாட்டியிருந்த போட்டோக்களைப் பாருங்கள் என்றார்கள். மதகு எங்கே இருக்கிறது என்று கேட்டதற்கு, அதெல்லாம் கூலிக்கு ஆள் வைத்திருக்கிறோம் என்றார் காரியதரிசி. கும்பிடு போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

கிளப்பில் பங்கு வாங்க முதல் வருடமே அவசரப்பட வேண்டாம். வேட்டைப் பயிற்சி வகுப்பை முடித்து லைசென்ஸ் வாங்குங்கள். கூடவே கூட்டரசின் வாத்து ஸ்டாம்ப் வாங்க வேண்டும். 1934-இல் தொடங்கிய அந்த ஸ்டாம்பின் விலை இப்போது 25 டாலர். டாலருக்கு 98 சென்ட் ஈரநிலம் காக்கப் போகிறது. சுடப் பிடிக்காதவர்களும் அதை வாங்கலாம், வாங்க வேண்டும். பிறகு கிரிஸ்லி தீவு போன்ற பொது வேட்டை நிலத்தில் குலுக்கலுக்குப் பெயர் கொடுங்கள். அங்கே சனி, ஞாயிறு, புதன் மட்டும்தான் வேட்டை. மற்ற நாட்களில் பறவைகளுக்கு ஓய்வு. வாரம் முழுக்கச் சுட அனுமதிக்கும் கிளப்பை நான் நம்பமாட்டேன். அங்கே வாத்து வேகமாக வெறுத்துப் போய்விடும். கிளப்புகளைப் பற்றிய உண்மையான செய்தி விளம்பரத்தில் கிடைக்காது. அந்தப் பொது நிலத்தின் வண்டி நிறுத்தத்தில், நாயைத் துவட்டிக்கொண்டிருப்பவர்களிடம் கிடைக்கும்.

பறவையை அடையாளம் காணப் படிப்பது எல்லாவற்றையும்விட முக்கியம். நாளைக்கு ஏழு வாத்து என்பது மேல் வரம்பு. சில இனங்களுக்கு இன்னும் குறைவு. சூரியன் உதிக்க அரை மணி நேரம் முன்பே சுட அனுமதி உண்டு. அந்த மங்கலில் இன்ன வாத்து என்று சொல்லத் தெரியாதவர் விசையிலிருந்து விரலை எடுத்துவிட வேண்டும். வேடந்தாங்கலுக்கு வருகிற ஊசிவால் வாத்து இனம்தான் இங்கும் வருகிறது. அதன் இரைப்பையை முதன்முதலில் சமையலறையில் அறுத்துப் பார்த்தபோது உள்ளே கோரை விதை கறுப்பாக மினுங்கியது, நடுநடுவே பொடிக்கல். தீனியை அரைக்க வாத்து கல் பொறுக்கும். ஈய ரவையையும் கல் என்று விழுங்கி நஞ்சேறிச் சாகும். அதனால்தான் அமெரிக்கா முழுவதும் 1991 முதல் நீர்ப்பறவை வேட்டையில் ஈய ரவைக்குத் தடை. எஃகு ரவைதான் பெரும்பாலும். அந்த ஊசிவாலை மிளகும் சின்ன வெங்காயமும் தட்டிப்போட்டுச் சமைத்தேன். பண்ணை வாத்தின் கொழுப்பு கிடையாது. கறி அடர் சிவப்பு. சுட்டதைத் தின்னாமல் வீணடிப்பதை நான் ஏற்கமாட்டேன். இங்கே சட்டமும் ஏற்காது.

கிளப்புகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் கரைகளில் மண்வெட்டி பிடிப்பவர்களில் பாதிப்பேர் எழுபதைத் தொட்டவர்கள். பங்கின் விலையோ, புதிதாக வேலைக்குச் சேர்ந்த பிள்ளைக்கு எட்டாது. கரை வேலைக்கு வரும் இளைஞருக்கு அந்த உழைப்பைக் கட்டணத்தில் கழித்துக்கொடுங்கள். இரண்டு கோடை தவறாமல் வந்தவருக்கு, பணம் பார்க்காமல் ஓர் இடம் ஒதுக்குங்கள். எங்கள் கிளப்பின் அடுத்த பொதுக்கூட்டத்தில் இதைத் தீர்மானமாகவே கொண்டுவரப் போகிறேன். வெல்டர் வழிமொழிவதாகச் சொல்லியிருக்கிறார்.