இடமே இல்லாத வகுப்பறையில் இடஒதுக்கீடு

பெருமாள்மலையைத் தாண்டி கொடைக்கானலுக்கு ஏறும்போது கண்ணில் படுகிற விடுதிப் பலகைகளில், வெந்நீருக்கும் கேம்ப் ஃபயருக்கும் அடுத்து இப்போது வைஃபையும் சேர்ந்துவிட்டது. கொரோனாவுக்குப் பிறகு பெருநகரங்களின் மென்பொருள் ஊழியர்கள் மடிக்கணினியோடு மலைக்கு வந்து தங்கி வேலை பார்க்கிறார்கள். அப்படித் தங்கியிருக்கும் ஒருவர் வேலை முடிந்ததும் அதே மடிக்கணினியில் தொழில்நுட்ப மேலாண்மையில் எம்.பி.ஏ. படிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அதே மலையின் கீழ்ப்பகுதியில், தாண்டிக்குடிப் பக்கம் காப்பித் தோட்டத்துக்குக் கூலிக்குப் போகிற ஒரு தலித் குடும்பத்தின் மகளும் அதே படிப்பில் சேரலாம். விண்ணப்பம், பாடம், பட்டம் எல்லாம் ஒன்றுதான். வாசலில் நின்று யாரும் சாதி கேட்பதில்லை. அப்படியானால் சமத்துவம் வந்துவிட்டதா?

வந்துவிட்டது என்கின்றன விளம்பரங்கள். கதவு திறக்கவில்லை, கதவு இருந்த இடம்தான் மாறியிருக்கிறது என்பது நம் வாதம்.

முதலில் சட்ட நிலவரம். பல்கலைக்கழக மானியக் குழு 2020 செப்டம்பரில் திறந்தநிலை, தொலைநிலை, இணையவழிப் படிப்புகளுக்கான புதிய விதிமுறைகளை அறிவித்தது. நாக் மதிப்பீட்டிலும் தேசியத் தரவரிசையிலும் முன்னணியில் உள்ள நிறுவனங்கள் முழுப் பட்டப்படிப்பையும் ஆன்லைனிலேயே நடத்த வழி பிறந்தது. அங்கீகரிக்கப்பட்ட நிறுவனங்கள் தரும் ஆன்லைன் பட்டமும் நேரடி வகுப்புப் பட்டமும் சமம் என்று 2022 செப்டம்பரில் மானியக் குழு மீண்டும் தெளிவுபடுத்தியது. பொறியியல், மருத்துவம் போன்றவற்றை இப்படி நடத்த முடியாது. மேலாண்மையை நடத்தலாம். அதனால்தான் எங்கு திரும்பினாலும் ஆன்லைன் எம்.பி.ஏ. விளம்பரம்.

இதில் நாம் கவனிக்கத் தவறிய ஒன்று உண்டு. நம் இயக்கத்தின் நூறாண்டுப் போராட்டம் ‘இடம்’ என்ற சொல்லைச் சுற்றியே நடந்தது. கல்லூரியில் 60 இடம் என்றால் அதில் நமக்கு எத்தனை என்று கேட்டோம். தமிழ்நாட்டின் 69 சதவீத இடஒதுக்கீட்டை 1993-இல் சட்டமாக்கி ஒன்பதாவது அட்டவணையில் சேர்த்துப் பாதுகாத்தோம். ஆன்லைன் வகுப்பில் எண்ணிப் பங்கிட நாற்காலிகளே இல்லை. பொதுவாக, தகுதியிருந்து கட்டணம் கட்டும் எவருக்கும் இடம் உண்டு. எல்லோருக்கும் இடம் உண்டு என்றானதும் இடஒதுக்கீடு என்ற ஆயுதம் கையில் இருந்தும் வெட்ட எதுவும் இல்லாமல் போகிறது. அந்த இடத்தில் கட்டணமும், அலைபேசிக் கோபுரமும், ஆங்கிலமும், ‘தெரிந்த ஆட்களும்’ வந்து வாயிற்காவலர்களாக நிற்கின்றன.

கட்டணத்தை எடுத்துக்கொள்வோம். ஆன்லைன் எம்.பி.ஏ.வுக்குச் சில பத்தாயிரங்களில் தொடங்கிச் சில லட்சங்கள் வரை கேட்கிறார்கள். 2025-26இல் தமிழ்நாட்டுக்கு அறிவிக்கப்பட்ட நூறு நாள் வேலைக் கூலி நாளொன்றுக்கு 336 ரூபாய். நூறு நாளும் குறையாமல் வேலை கிடைத்து, முழுக் கூலியும் கைக்கு வந்தால்கூட ஆண்டுக்கு 33,600. வட்டியில்லாத் தவணை என்று இனிக்கப் பேசி, கடன் நிறுவனத்தின் படிவத்தில் கையெழுத்து வாங்கும் வியாபாரம் இந்த இடைவெளியில்தான் நுழைகிறது.

அடுத்தது கோபுரம். தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2017-18இல் நடத்திய 75ஆவது சுற்று ஆய்வில், நாட்டின் கிராமப்புறக் குடும்பங்களில் கணினி வைத்திருந்தவை 4.4 சதவீதம்தான். அதன்பிறகு கைபேசி பரவியிருக்கிறது என்பது உண்மை. ஆனால் தங்கை, தம்பி, அப்பா என்று நான்கு பேர் பகிரும் கைபேசியில் நிதிநிலை அறிக்கையின் அட்டவணையை நிரப்ப முடியாது. பழனி மலைத்தொடரில் வெள்ளகவி போல, பல தலைமுறைகளாக நடைபாதையை மட்டுமே நம்பியிருந்த ஊர்கள் உண்டு. மழைக்காலத்தில் மரம் விழுந்தால் மின்சாரம் போகும், அதோடு சிக்னலும் போகும். வீட்டிலிருந்தே எழுதும் கண்காணிப்புத் தேர்வில், இணைப்பு அறுந்ததற்கு மழை காரணமா மாணவி காரணமா என்று மென்பொருளுக்குத் தெரியாது. பளியர் குடியிருப்புகள், தோட்டத் தொழிலாளர் லைன்கள், 1964 ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து வந்து இம்மலையில் குடியேறிய மலையகத் தமிழர்களின் குடியிருப்புகள் எனப் பட்டியல் போட்டுப் பாருங்கள். சிக்னல் எங்கே முடிகிறதோ அங்கே யார் வசிக்கிறார்கள் என்பது தெரியும்.

இவ்வளவையும் தாண்டி ஒருவர் பட்டம் வாங்கிவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். அதன் பிறகு நடப்பதைப் புரிந்துகொள்ள அண்ணல் அம்பேத்கரின் வாழ்க்கையிலேயே ஒரு பாடம் இருக்கிறது. கொலம்பியாவில் பொருளாதாரம் படித்து, லண்டன் படிப்பைப் பாதியில் விட்டு 1917-இல் திரும்பியவர், பம்பாயில் முதலீட்டு ஆலோசனைத் தொழில் ஒன்றைத் தொடங்கினார். இன்றைய மொழியில் கன்சல்டன்சி. ஆலோசனை சொல்பவர் தீண்டப்படாதவர் என்று தெரிந்ததும் வாடிக்கையாளர்கள் விலகினார்கள், தொழில் படுத்தது. அதன்பின் 1918-இல் சிடன்ஹாம் வணிகவியல் கல்லூரியில் பேராசிரியரானார். அங்கே பொதுக் குடத்தில் அவர் தண்ணீர் குடிப்பதைச் சக பேராசிரியர்கள் எதிர்த்தார்கள். அந்தக் கல்லூரியில் அவரைவிடப் படித்தவர் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? அவரிடம் பட்டம் குறைவாக இருக்கவில்லை. சந்தைக்குச் சாதி இருந்தது.

அது நூறு வருடத்துக்கு முந்தைய கதை என்பார்கள். சுகதேவ் தோரட்டும் பால் அட்வெலும் 2007-இல் வெளியிட்ட ஆய்வு அவ்வளவு பழையது இல்லை. ஒரே மாதிரியான தகுதிகளோடு, பெயரை மட்டும் மாற்றி, தனியார் நிறுவன விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்களை அனுப்பினார்கள். உயர்சாதி இந்துப் பெயருக்கு இருந்த அழைப்பு வாய்ப்பில் தலித் பெயருக்கு இருந்தது ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. அதே ஆண்டில் சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் மனிதவள மேலாளர்களிடம் பேசினார்கள். தகுதி மட்டுமே முக்கியம் என்று சொன்ன அதே மேலாளர்கள், நேர்காணலில் ‘குடும்பப் பின்னணி’ கேட்பதை இயல்பாக ஒப்புக்கொண்டார்கள். இந்தியாவின் முதல் 1,000 நிறுவனங்களின் இயக்குநர் குழுக்களைப் பற்றி 2012-இல் வெளிவந்த ஆய்வில், சுமார் 93 சதவீதத்தினர் முன்னேறிய சாதியினர். பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் சேர்ந்து 3.5 சதவீதம்.

எம்.பி.ஏ. என்ற பட்டத்தின் சந்தை மதிப்பில் பாதி பாடத்தில் இல்லை. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் பத்து வருடம் கழித்து ஒரு நிறுவனத்தின் துணைத் தலைவராக இருப்பார் என்பதில் இருக்கிறது. விடுதி அறை, தேநீர்க்கடை, முன்னாள் மாணவர் சங்கம், வேலைவாய்ப்பு அலுவலகம் ஆகியவைதான் அந்தப் படிப்பின் மூலதனம். கொடைக்கானல் விடுதியில் தங்கியிருப்பவருக்கு ஆன்லைனில் இவை கிடைக்காவிட்டாலும் நட்டமில்லை. அவருடைய மாமாவும் பள்ளித் தோழனும் ஏற்கெனவே அங்கே இருக்கிறார்கள். தாண்டிக்குடிப் பெண்ணுக்கு அந்த வளாகம் மட்டும்தான் வழியாக இருந்திருக்கும். ஆன்லைன் படிப்பு அவளுக்குப் பட்டத்தைக் கொடுத்து, வளாகத்தைப் பிடித்துவைத்துக்கொள்கிறது.

அப்படியென்றால் படிக்க வேண்டாமா? படிக்கத்தான் வேண்டும். 1942 அக்டோபரில் வைஸ்ராயிடம் அளித்த மனுவில் அண்ணல் அம்பேத்கர், நம் மக்களுக்குக் கலைப் பாடங்களையும் சட்டத்தையும் விட அறிவியலிலும் தொழில்நுட்பத்திலும் உயர்கல்விதான் உதவும் என்று வாதாடி, அதற்கு அரசு உதவித்தொகை கேட்டார். தமிழ்நாட்டில் மதுரை காமராசர் பல்கலைக்கழகம் 1971 முதல் நடத்திய அஞ்சல்வழிக் கல்வி, பகலில் வேலைக்குப் போனவர்களையும் கல்யாணமாகிப் படிப்பை விட்ட பெண்களையும் பட்டதாரிகளாக்கியது. ‘போஸ்டல் டிகிரி’ என்று கேலி பேசியவர்களில் பெரும்பாலோர் கல்லூரி வாசலைத் தலைமுறை தலைமுறையாகக் கண்டவர்கள்.

நாம் ஏன் மேலாண்மை படிக்க வேண்டும் என்பதற்குக் கொடைக்கானலிலேயே ஒரு பாடம் கிடக்கிறது. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்திலிருந்து பழைய பாதரச வெப்பமானி ஆலை ஒன்று 1980-களில் இந்த மலைக்குப் பெயர்த்துக் கொண்டுவரப்பட்டது. பின்னர் அது இந்துஸ்தான் லீவர் கைக்கு வந்தது. பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு ஊருக்குள்ளிருந்த பழைய இரும்புக் கடையில் கிடந்ததை 2001-இல் மக்கள் வெளிக்கொண்டுவந்த பிறகு ஆலை மூடப்பட்டது. தொழிலாளர் உடல்நலத்துக்குப் பாதிப்பில்லை என்றே நிறுவனம் சொல்லிவந்தது. 2016 மார்ச்சில்தான் 591 முன்னாள் தொழிலாளர்களோடு உடன்பாடு ஏற்பட்டது. ஒரு நாடு வேண்டாமென்ற தொழில்நுட்பம் எந்த மலைக்கு, எந்த மக்களின் உடலுக்கு இறக்குமதியாகிறது என்பதைவிடப் பெரிய தொழில்நுட்ப மேலாண்மைக் கேள்வி வேறென்ன? இதை நிறுவனத்தின் பக்கமிருந்து ‘நெருக்கடி மேலாண்மை’ என்று எழுதலாம், தொழிலாளியின் நுரையீரலிலிருந்தும் எழுதலாம். இரண்டாவதை எழுத, வரவு செலவுக் கணக்கைப் படிக்கத் தெரிந்த தொழிலாளியின் பிள்ளைகள் வேண்டும்.

கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயருக்குப் பாதுகாப்பு வந்தாயிற்று. விதைப்பூண்டுக்கு யார் கடன் கொடுக்கிறார், வண்டி யாருடையது, மண்டியில் கமிஷனை யார் முடிவு செய்கிறார், களையெடுத்த பெண்ணுக்கு அதில் எத்தனை ரூபாய் என்பதற்கு எந்தக் குறியீடும் இல்லை. இந்தச் சங்கிலியை அடியிலிருந்து பார்த்து வளர்ந்தவர் விநியோகச் சங்கிலி மேலாண்மை படித்தால், புத்தகம் எழுதியவருக்குத் தெரியாததும் அவருக்குத் தெரியும்.

ஆகவே, சேருங்கள். சேரும் முன் சிலவற்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். படிப்பு மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவுப் பட்டியலில் உள்ளதா, கிடைக்கப்போவது பட்டமா வெறும் சான்றிதழா என்று சரிபாருங்கள். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து கல்வி வணிக நிறுவனங்கள் விற்கும் பட்டங்கள் செல்லாது என்று மானியக் குழு 2023 டிசம்பரில் எச்சரித்திருக்கிறது. பணத்தைப் பல்கலைக்கழகத்துக்கு நேரடியாகக் கட்டுங்கள், தரகருக்கு வேண்டாம்.

அரசுகளிடம் நாம் கேட்க வேண்டியவையும் உண்டு. ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் உள்ள பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களின் ஆன்லைன் படிப்புக் கட்டணத்தை அரசே, சேரும்போதே செலுத்த வேண்டும். முடியாத காரியம் இல்லை. சென்னை ஐ.ஐ.டி. 2020-இல் தொடங்கிய ஆன்லைன் தரவு அறிவியல் படிப்பில் சாதியும் வருமானமும் பார்த்து 75 சதவீதம் வரை கட்டணச் சலுகை தருகிறது. மலைமேல் 1984 முதல் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் இருக்கிறது. அதன் கணினிக்கூடமும் நூலகமும் மலைக்கிராமப் பிள்ளைகளுக்கு மாலையிலும் விடுமுறையிலும் திறக்கட்டும். தேர்வு மையமும் அங்கேயே அமையட்டும். 2010-இல் அண்ணா பல்கலைக்கழகம் பொறியியலையே தமிழில் நடத்தத் தொடங்கியபோது, மேலாண்மைக்கு மட்டும் ஏன் தமிழ்ப் பாடம் கூடாது? ஒவ்வோர் ஆன்லைன் படிப்பிலும் எந்தப் பிரிவினர் எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் முடித்தார்கள் என்ற கணக்கை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். இவற்றோடு, தனியார் துறையில் இடஒதுக்கீடு என்ற பழைய கோரிக்கையை இன்னும் உரக்கச் சொல்ல வேண்டும். வகுப்பறையில் இடம் எண்ண முடியாமல் போனால் வேலையில் எண்ணுவோம்.

ஒன்றை மட்டும் எந்த அரசும் தராது. அந்த வளாகத்தில் கிடைத்திருக்க வேண்டிய கூட்டத்தை நாம்தான் உருவாக்க வேண்டும். ஊருக்கு ஊர் அம்பேத்கர் மன்றங்களும் இரவுப் பாடசாலைகளும் இருக்கின்றன. ஆன்லைனில் படிக்கும் பத்துப் பேர் வாரம் ஒருமுறை அங்கே கூடி உட்கார்ந்தால் அதுவே வகுப்பு. ஏற்கெனவே நிறுவனங்களில் இருக்கும் நம் தோழர்கள் மாதம் இரண்டு மணி நேரம் ஒதுக்கி விண்ணப்பம் திருத்தி, நேர்காணலுக்குப் பழக்கினால் அதுவே முன்னாள் மாணவர் சங்கம். கற்பி, ஒன்றுசேர், போராடு என்ற மூன்றில் முதல் சொல்லை மட்டும் இணையம் நமக்கு விற்கிறது. தனியாக அறையில் அமர்ந்து படிக்கிற ஒவ்வொருவருக்கும் இரண்டாவது சொல்லைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது நம் வேலை.